டாக்டரிடம் காட்டப் போகும் முன்

எல்லோருக்கும் வணக்கம். டாக்டரிடம் போகும் முன் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்த வாரம் மூன்று பேர் கேட்டதால் பொதுவில் போடுகிறேன். தனியார் கிளினிக்கில் போனில் கொடுப்பது பெரும்பாலும் டோக்கன் எண்தான். ஆறு மணி என்று சொன்னாலும் டாக்டர் வேறு ஆஸ்பத்திரியில் வேலை முடித்து வர ஏழரை ஆகலாம், அதனால் கிளம்பும் முன் எத்தனையாவது டோக்கன் ஓடுகிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஃபீஸ் எவ்வளவு, மறுபடி காட்ட எத்தனை நாளுக்குள் வந்தால் திரும்பக் கட்ட வேண்டாம் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பழைய சீட்டு, ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் ஒரே பையில். அட்டை ரொம்ப முக்கியம், "வெள்ளையா சின்னதா ஒண்ணு" என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னால் 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம்.

அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போய் ஓபி (வெளிநோயாளி) சீட்டு போட்டுவிடுங்கள். போக முடியாதவர்கள் இ-சஞ்சீவனி என்ற அரசு ஆன்லைன் சேவையில் இலவசமாக வீடியோவில் டாக்டரிடம் பேசலாம்.

அப்புறம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல் என்றால் டோக்கன் எல்லாம் பார்க்காதீர்கள், உடனே 108.

தனியாக இருக்கும் பெரியவர்கள் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் இங்கேயே சொல்லுங்கள், யாராவது வருகிறோம்.