திருடிய துவராடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ப் படங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் ஜப்பானிய இயக்குநர் கோன் இச்சிகாவாவின் 'தி பர்மீஸ் ஹார்ப்' (1956) இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

மிசுஷிமா யாழ் வாசிக்கும் ஜப்பானியச் சிப்பாய். (அந்தப் பர்மிய யாழ் நம் வில்யாழ் போலவே வளைந்திருக்கும்.) 1945இல் போர் முடிந்த பிறகும் மலையில் பதுங்கிச் சண்டை போடுகிற ஜப்பானியச் சிப்பாய்களைச் சரணடையச் சொல்ல அவனை அனுப்புகிறார்கள். அவர்கள் கேட்கவில்லை, குண்டுக்குப் பலியாகிறார்கள். பிழைத்த இவனோ, தன்னைக் காப்பாற்றிய பிக்கு குளிக்கும் நேரம் பார்த்து அவர் துவராடையை, அந்தக் காவி உடையைத் திருடி உடுத்திக்கொண்டு, தன் படை கைதிகளாக இருக்கும் பர்மாவின் முடோன் முகாமுக்கு நடக்கிறான். பிக்கு என்று நம்பி வழியில் கும்பிட்டுச் சோறு போடுகிறார்கள். பாதையெங்கும் ஜப்பானியப் பிணங்கள். தாங்க முடியாமல் ஓடுகிறான்.

முடோனில், பெயர் தெரியாத ஜப்பானியச் சிப்பாய்களின் கல்லறை முன்னால் எதிரி நாட்டு நர்சுகள் ஜெபப் பாட்டுப் பாடுவதைப் பார்க்கிறான். அப்புறம் அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. வந்த வழியே திரும்பி, ஆற்றங்கரையில் கையாலேயே குழி தோண்டுகிறான். ஒதுங்கி நின்று பார்த்த பர்மியர்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுக்கிறார்கள். திருடிய ஆடை அங்கேதான் அவனுடையதாகிறது. துறவு என்றால் உலகத்தை விட்டு விலகுவது என்று நினைத்திருந்தேன். இங்கே அது பிணம் புதைக்கும் வேலை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. முடோனுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் தன்புசயாத், சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த மரண ரயில்பாதையின் பர்மா முனை. 1942–43இல் அந்தப் பாதையைப் போட இதே ஜப்பானியப் படைதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனது. காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே வேலையில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தன்புசயாத்தில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. மிசுஷிமா தேடித் தேடிப் புதைப்பது தன் நாட்டாரை மட்டும்தான்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போன என் தாத்தாவின் தம்பி திரும்பவே இல்லை. படத்தை மறுபடி பார்த்த இரவு, அவர் பெயரை அம்மாவிடம் கேட்டேன். பெரியம்மாவுக்குத்தான் தெரியும், அவரும் போய்விட்டாரே என்றார்.

இந்தப் படத்தைப் பற்றி அவசியம் எழுதுங்கள். எழுதும்போது தன்புசயாத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
ஈப்போ