சர்குலர்ல கையெழுத்து போடாத ஒரு அப்பா எழுதறது

மதிப்புக்குரிய தாளாளர் ஐயா, ஹெச்எம் மேடம், அப்புறம் நம்ம ஒன்பதாவது பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் பாப்பா டைரியில ஒரு சர்குலர் வந்துச்சு. வாரத்துக்கு ஒரு நீதிபோதனை பீரியட் ஒரு லைப்ரரி பீரியட், ரெண்டையும் எடுத்துட்டு நீட் ஜேஇஇ ஃபவுண்டேஷன் கிளாஸ் வைக்கறோம், தனி பீஸ், சம்மதம்னா கையெழுத்து போட்டு அனுப்புங்கன்னு. நான் போடல. ஆபீஸ்ல இருந்து ரெண்டு தடவை போன் வந்துருச்சு ஏன் சார் இன்னும் வரலன்னு, போன்ல சொன்னா சண்டை மாதிரி ஆயிடும், அதான் எழுதறேன்.

காசுக்காக படிக்கறது தப்புன்னு நான் சொல்ல வரல. அப்படி சொல்றவங்க வீட்ல பெரும்பாலும் ஏற்கனவே காசு இருக்கும். எங்கப்பா தறி ஓட்டுனவர், பன்னெண்டு மணி நேர ஷிப்ட், அந்த சத்தத்துலயே காது போயி கடைசி காலத்துல டிவியை ஃபுல்லா வெச்சாதான் அவருக்கு கேக்கும். நான் டிப்ளமோ முடிச்சதால அந்த தறிக்கு போகாம தப்பிச்சேன், இன்னிக்கு சொந்தமா மோட்டார் காயில் கட்டுற கடை இருக்கு. வள்ளுவரே கல்வியை அறத்துப்பால்ல வெக்கல, பொருட்பால்லதான் வெச்சிருக்கார், 40வது அதிகாரம், எடுத்து பாருங்க. (பொருட்பால்னா வெறும் காசு மட்டும் இல்ல, அரசு, அமைச்சு, நட்பு எல்லாம் அதுக்குள்ள வருதுன்னு தெரியும், தமிழ் ஐயா யாரும் சண்டைக்கு வராதீங்க.) புறநானூறுல ஒரு பாண்டிய ராஜா இன்னும் ஓப்பனா சொல்றார், ஒரே வயித்துல பொறந்த பிள்ளைங்கள்லயே நல்லா படிச்சது பக்கம்தான் அம்மா மனசு சாயும்னு. ரெண்டாயிரம் வருஷமா நமக்கு தெரிஞ்ச விஷயம்தான் இது.

நீதிபோதனை பீரியடுக்கும் நான் வக்காலத்து வாங்கல. அது என்னிக்கு ஒழுங்கா நடந்துச்சு சொல்லுங்க. நான் படிக்கும்போதே அது கணக்கு சாருக்கு எழுதி வெச்ச பீரியட். பாப்பாகிட்ட கேட்டேன் போன வருஷம் எத்தனை தடவை நடந்துச்சுன்னு, ரெண்டு தடவையாம், அதுலயும் ஒரு தடவை மிஸ் பேப்பர் திருத்தணும்னு எல்லாரையும் தலையை டெஸ்க்ல வெச்சு படுக்க சொல்லிட்டாங்களாம். 2016ல ஹைகோர்ட் மதுரைக் கிளை அறத்துப்பால் பொருட்பால் 108 அதிகாரத்தையும் ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் பாடத்துல சேர்க்கணும்னு உத்தரவு போட்டுச்சு, பிள்ளைங்க நல்லபடியா வளரட்டும்னுதான். பரீட்சைன்னு வரும்போது நாம அதை என்னவா ஆக்கிட்டோம்? இந்த வார்த்தையில முடியும் குறளை எழுதுக, மனப்பாடப் பகுதி, அடி மாறாம எழுதினா மார்க்.

என் பிரச்சனை வேற. ஏப்ரல்ல நடந்தது சிலருக்கு தெரியும், தெரியாதவங்களுக்காக சொல்றேன்.

பாப்பா கிளாஸ்ல ஒரு பொண்ணு இருந்துச்சு, பேர் வேண்டாம். கணக்கும் சயின்சும் அதுக்கு வராது, முப்பத்தஞ்சு எடுக்கவே திணறும். பாப்பா சைக்கிள்ல இருந்து விழுந்து வலது கை உடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருந்தப்ப ஆறு வாரம் எல்லா சப்ஜெக்ட் நோட்டும் அந்தப் பொண்ணுதான் ரெண்டு ரெண்டு தடவை எழுதுச்சு, தனக்கு ஒண்ணு பாப்பாவுக்கு ஒண்ணு, யாரும் சொல்லல. எட்டாவது ரிசல்ட் வந்ததும் அவங்க அம்மாவை கூப்பிட்டு டீசி வாங்கிக்கங்க, பத்தாவதுல உங்க பொண்ணு கஷ்டப்படும், இப்பவே வேற ஸ்கூல் பாருங்கன்னு சொல்லிட்டீங்க. எட்டாவது முடியற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் வெளிய அனுப்பக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு, எட்டாவது முடிஞ்ச உடனே போன் பண்றீங்க, என்ன ஒரு டைமிங்.

நான் வீட்ல கோவமா பேசிட்டு இருந்தேன். பாப்பா சாப்பிட்டுக்கிட்டே சாதாரணமா சொல்லுது, "அவ இருந்தா எங்க பேட்ச் சென்டம் ரிசல்ட் கெட்டுப் போயிடும்லப்பா."

அன்னிக்கு எனக்கு சாப்பாடு எறங்கல. அடிக்கவும் தோணல, திட்டவும் தோணல. அது கெட்ட புள்ள இல்ல, தெருநாய்க்கு பிஸ்கட் போடற புள்ள. மூணு வருஷமா மார்க் வாரியா செக்‌ஷன் பிரிக்கறதை பார்த்திருக்கு, பீஸ் கட்டாதவங்க பேரை ப்ரேயர்ல மைக்ல வாசிக்கறதை கேட்டிருக்கு, அதுல இருந்து கணக்கா ஒரு பாடத்தை எடுத்துக்கிச்சு. நீதிபோதனை தினமும் நடந்திருக்கு, டைம் டேபிள்ல பேர்தான் போடல.

பழியை ஸ்கூல் மேல மட்டும் போட்டுட்டு நான் ஒதுங்கிக்க முடியாது. நான் இங்க சேர்த்ததே கேட்ல தொங்குன 100% ஃப்ளெக்ஸை பார்த்துதான். ஸ்டேட் ஃபர்ஸ்ட் அறிவிக்கறதை 2017லயே கவர்மெண்ட் நிறுத்திருச்சு, நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் நிக்கல. லெவன்த் புக்கை தொடாம ரெண்டு வருஷமும் ட்வெல்த் பாடத்தையே ஓட்டறாங்கன்னு லெவன்த்துக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க, 2018ல அந்த மார்க் காலேஜ் அட்மிஷனுக்கு கணக்கு இல்லைன்னு ஆச்சு, 2025ல பரீட்சையையே எடுத்தாச்சு. பிராய்லர் ஸ்கூல்னு பேர் வெச்சு கிண்டல் பண்ணதும் நாமதான், அட்வான்ஸ் கட்டி சீட் புடிச்சதும் நாமதான். அந்தப் பொண்ணுக்கு டீசி குடுத்தப்ப நம்ம பெற்றோர்ல ஒருத்தர்கூட போன் போட்டு கேக்கல, நானும் ஒரு வாரம் கழிச்சுதான் அவங்க அம்மாகிட்ட பேசினேன், அதுவும் மார்க்கெட்ல நேருக்கு நேர் பார்த்துட்டதால.

ஃபவுண்டேஷன் கிளாஸ் வையுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல, பாப்பா டாக்டர் ஆனா எனக்கு கசக்குமா என்ன. ஆனா ரிசல்ட் குறையும்னு எந்தப் பிள்ளைக்கும் டீசி குடுக்க மாட்டோம்னு லெட்டர் பேடுல எழுதி குடுங்க, அன்னிக்கே கையெழுத்து போட்டு பீசையும் கட்டிடறேன். பீஸ் பாக்கி இருந்தா எனக்கு போன் பண்ணுங்க, பிள்ளை பேரை மைக்ல சொல்லாதீங்க. லைப்ரரி பீரியடை மட்டும் விட்டுடுங்க, அதுல கதை புக் எடுத்துட்டு வந்து படிக்குது, அது ஒண்ணுதான் மார்க் இல்லாம படிக்கறது.

அந்த சென்டம் பேச்சுக்கு பாப்பாகிட்ட என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல. அந்தப் பொண்ணு இப்ப கவர்மெண்ட் ஸ்கூல்ல சேர்ந்திருக்கு, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் பார்க்க வெக்கலாம்னு இருக்கேன், பார்ப்போம்.

சனிக்கிழமை மீட்டிங்குக்கு வர்றேன். போன தடவை மாதிரி பெற்றோர் பேசறதை கடைசியில வெக்காதீங்க, ஒன்னரை மணி ஆகி எல்லாரும் சாப்பாட்டுக்கு கிளம்பிட்டாங்க, கடையை பூட்டிட்டு வந்தவன் நான் காலி சேருங்ககிட்ட பேசிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒன்பதாவது பி செக்‌ஷன் அப்பா ஒருத்தன்