இரண்டாக அறுத்த மூடி

பேட்டை,
திருநெல்வேலி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய பார்சல் போன திங்கட்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள். உன் மகளிடம், அதாவது என் மருமகளிடம், முதலில் ஒன்றைச் சொல்லிவிடு: ஏன் ஒழுகுகிறது என்று கேட்டு அவள் அனுப்பிய நான்கு அலுமினிய பம்ப் மூடிகளில் இரண்டை அறுத்துவிட்டேன். கோபப்பட வேண்டாம் என்று சொல். வார்ப்புக்கு உள்ளே என்ன நோய் என்பது வெளியே தடவிப் பார்த்தால் தெரியாது. நான்குமே வெளியே கண்ணாடி மாதிரி இருந்தன. தண்ணீர் வாளிக்குள் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தேன். நான்கிலும் குமிழி வந்தது.

வைஸில் பிடித்து ஹேக்ஸாவால் அறுத்தேன். அறுத்த முகத்தை அரத்தால் ராவி, எமரித் தாளை முரட்டிலிருந்து மெல்லியது வரை மாற்றி மாற்றித் தேய்த்து, என் பழைய லென்ஸை வைத்துப் பார்த்தேன். இரண்டு வகை ஓட்டைகள் இருந்தன. மூடியின் ஓரத்தில், உலோகம் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், உருண்டையான ஓட்டைகள். அவற்றின் உள்சுவர் வழவழப்பாகப் பளபளக்கிறது. அது காற்று. நடுவில் போல்ட் ஏறும் தடித்த குமிழ்களின் உள்ளே வேறு மாதிரி: கோணல்மாணலாக, கிழிந்த பஞ்சு போல, சொரசொரப்பான ஓட்டைகள். அது சுருக்கம். முதலாவது வார்த்துக் கொடுத்த பட்டறையின் தவறு. இரண்டாவது நம் மருமகள் வரைந்த படத்தின் தவறு. பட்டறைக்காரர் "பிரஷரைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்று சொன்னதாக அவள் எழுதியிருந்தாள். சரியாகாது மாப்பிள்ளை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நாம் ஐ.டி.ஐ. முடித்து நீ மெட்ராஸுக்கும் நான் கோயம்புத்தூருக்கும் போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே ஒரு டை காஸ்டிங் பட்டறையில், அதாவது உருகிய உலோகத்தை டை என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்தி நிரப்பி வார்க்கிற இடத்தில், 250 டன் மெஷினில் நின்றேன். (250 டன் என்பது டையின் இரண்டு பாதியையும் இறுக்கிப் பிடிக்கும் விசை. உலோகத்தின் எடை இல்லை.) ஒரு மோட்டார் உறை தொடர்ந்து ஒழுகியது. நான் நாளுக்கு நாள் பிரஷரைக் கூட்டினேன். டை விளிம்பில் உலோகம் (ஃபிளாஷ் என்போம்) தகடு தகடாகப் பிதுங்கியதே தவிர ஒழுகல் நிற்கவில்லை. ஒரு முழு மாதம் வார்த்ததில் பாதிக்குமேல் திரும்ப ஃபர்னஸுக்கே போனது. இரவு ஷிஃப்டில் ஒரு வயதான ஃபோர்மேன் வந்தார். மெஷினைத் தொடவே இல்லை. டையைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, இரண்டு பாதியும் சேரும் முகத்தில் விரலால் தடவினார். அங்கே ஏர் வென்ட், அதாவது காற்று வெளியேறும் காடி, வெட்டியிருக்கும். ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தெளிக்கிற எண்ணெய் கருகி அத்தனை வென்ட்டையும் அடைத்திருந்தது. "லே, உள்ளே இருக்கிற காத்து எங்கலே போகும்?" என்றார். அவரும் நம்ம ஊர்க்காரர்தான், களக்காடு பக்கம். பித்தளைச் சீவுளி ஒன்றை எடுத்து வென்ட்டைச் சுரண்டினார். அடுத்த ஷாட்டிலிருந்தே, அதாவது அடுத்த வார்ப்பிலிருந்தே, ஒழுகல் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி, உலோகத்தை அச்சுக்குள் தள்ளுகிற தண்டான பிளஞ்சரில் இருந்தது. அதை மருமகளுக்கு நீயே சொல்லிவிடலாம், நாம் குறுக்குத்துறையில் குளித்து வளர்ந்தவர்கள்தானே. குடத்தைக் கவிழ்த்து ஆற்றில் அமுக்கினால் தண்ணீர் ஏறாது. நிமிர்த்தி வேகமாக அமுக்கினால் குபுகுபுவென்று காற்றும் தண்ணீரும் கலந்து முட்டிக்கொள்ளும். மெல்லச் சாய்த்துப் பிடித்தால் காற்று ஒரு பக்கம் போக, தண்ணீர் ஒரு பக்கம் சத்தமில்லாமல் ஏறும். மெஷினிலும் அதுதான் கதை. அலுமினியத்தைக் கரண்டியால் மொண்டு ஷாட் ஸ்லீவில் ஊற்றும்போது அந்தக் குழாய் பாதிதான் நிறையும், மேல் பாதி காற்று. பிளஞ்சர் முதலில் நொடிக்கு 20, 30 சென்டிமீட்டர் வேகத்தில் நிதானமாக நகர்ந்து காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உலோகம் அச்சுக்குள் நுழைகிற கேட் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பாய வேண்டும். அப்புறம் நொடிக்கு மூன்று மீட்டர்வரை போகலாம். குறுகிய கேட் வழியே உலோகம் அப்போது நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர். கண்ணை ஒருமுறை இமைப்பதற்குள் அச்சு நிறைந்துவிடும். அந்த மாற்றத்தைக் கொஞ்சம் முந்தி வைத்தால் ஸ்லீவுக்குள்ளேயே அலை அடித்துக் காற்று உலோகத்தில் கலந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் குமிழி சிறிதாகுமே தவிர ஒழியாது.

அதனால் பட்டறைக்காரரிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொல். வென்ட் எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறீர்கள்? பிளஞ்சர் பாய்கிற இரண்டாம் வேகம் எந்த இடத்தில் தொடங்குகிறது? அச்சின் கடைசி மூலையில் ஓவர்ஃப்ளோ வைத்திருக்கிறீர்களா? (காற்றும் கசடும் கலந்த முதல் உலோகம் போய் ஒதுங்குகிற சின்னப் பை அது. வார்த்த பின் உடைத்தெடுத்துவிடுவார்கள்.) முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் அதே பட்டறையில் தொடரலாம்.

இனி அவள் பக்கத்துத் தவறு. படத்தில் சுவர் இரண்டரை மில்லிமீட்டர், போல்ட் குமிழ் 14 மில்லிமீட்டர் கனம். அலுமினியம் இறுகும்போது கன அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு சுருங்கும். சிலிக்கான் சேர்ந்தால் சற்றுக் குறையும். மெல்லிய சுவர் முதலில் இறுகி வழியை அடைத்துவிடுகிறது. நடுக் குமிழ் இன்னும் கூழாக இருக்கிறது. அது சுருங்கும்போது நிரப்ப உலோகம் வர வழி இல்லை, அதனால் உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. பலம் வேண்டும் என்று கனத்தைக் கூட்டியிருக்கிறாள். மணல் அச்சில் வார்த்துப் பழகியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வரும். டை காஸ்டிங்கில் கனத்தைக் கூட்டினால் பலம் குறையும். குமிழின் நடுவில் கோர் பின் (டையில் பொருத்துகிற, வார்ப்பில் ஓட்டை விடும் கம்பி) வைத்துக் குடைந்துவிட்டு, சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் சுவரும் நாலு விலா எலும்பும் கொடுக்கச் சொல். மூலைகளை வளைக்கட்டும். டையிலிருந்து பிடிவாதம் இல்லாமல் கழன்று வர வெளிச்சுவருக்கு ஒரு டிகிரி, உள்சுவருக்கு இரண்டு டிகிரி சாய்வு வேண்டும்.

இன்னொன்று. அவள் முகத்தைச் சமப்படுத்த இரண்டு மில்லிமீட்டர் கடைசல் விட்டிருக்கிறாள். வார்ப்பின் வெளித்தோல்தான் அடர்த்தியானது, டைச் சுவரில் பட்டவுடன் இறுகியது. அரை மில்லிமீட்டருக்குமேல் சீவினால் அந்தத் தோல் போய் உள்ளே இருக்கிற ஓட்டை எல்லாம் வாய் திறக்கும். நான் அறுத்ததிலும் ஒழுகிய வழி அந்தக் கடைந்த முகத்தில்தான் தொடங்குகிறது.

உலோகத்தைப் பற்றி அவள் கேட்டதற்கு வருகிறேன். பட்டறை கொடுத்தது ஏ.டி.சி. 12 என்கிற அலுமினியக் கலவை. நம் நாட்டில் டை காஸ்டிங் என்றாலே முதலில் கைக்கு வருவது அதுதான். சிலிக்கான் 10, 11 சதவீதம், அதனால் நன்றாக ஓடும். செம்பு 1.5இலிருந்து 3.5 சதவீதம், அதனால் நல்ல கடினம். ஸ்கூட்டர் உறைக்கெல்லாம் பிரமாதம். ஆனால் இந்த பம்ப் போகப்போவது திசையன்விளை, உவரிப் பக்கத் தோட்டங்களுக்கு. அங்கே கிணற்றுத் தண்ணீரே கரிக்கும், காற்றிலும் உப்பு. அலுமினியத்தில் செம்பு கூடக் கூட உப்பு அதை வேகமாக அரிக்கும். எல்.எம். 6 என்கிற கலவையைக் கேட்கச் சொல். அதில் செம்பு 0.1 சதவீதத்துக்குமேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. கடைசல் பிடிக்க ஏ.டி.சி. 12 அளவுக்கு இசையாது, டூல் சீக்கிரம் தேயும், பட்டறைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். விவசாயி மூன்றாம் வருஷம் மூடியை மாற்றுவதைவிட அது மேல். அப்புறம், பித்தளை போல்ட்டை அலுமினியத்தில் நேராக இறுக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டும் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும்.

துத்தநாகத்தில் வார்த்தால் மலிவாகாதா என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்விதான். துத்தநாகக் கலவை 385 டிகிரியை ஒட்டி உருகிவிடும். பிளஞ்சர் உருகிய உலோகத்துக்குள்ளேயே மூழ்கி நிற்கலாம், கரண்டியால் மொள்ள வேண்டாம், மெஷின் மளமளவென்று ஓடும். அலுமினியத்தை அப்படிச் செய்ய முடியாது, அது இரும்பைக் கரைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியாக ஊற்றுகிறோம். துத்தநாக டை பல லட்சம் ஷாட் தாங்கும். அலுமினிய டையில் ஒரு லட்சத்தை ஒட்டியே முகமெல்லாம் கோடை வயல் மாதிரி வெடித்துவிடும். ஆனால் துத்தநாகம் அலுமினியத்தைவிட இரண்டரை மடங்கு கனம். சூட்டில் நெடுநாள் பளு தாங்காது, மெல்ல மெல்ல இழுபடும். பூட்டு, கைப்பிடி, ஜிப் ஓட்டி இவற்றுக்குச் சரி. மோட்டார் பக்கம் வேண்டாம்.

துத்தநாகம் வாங்கினாலும் கலப்படம் பார்த்து வாங்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் காசு மிச்சம் என்று ஈயப்பற்று ஒட்டிய பழைய துண்டுகளைச் சேர்த்து உருக்கினார்கள். கதவுக் கைப்பிடிகள் அழகாகத்தான் வெளியே போயின. ஒரு மழைக்காலம் கழிந்ததும் உப்பி, வெடித்து, கையில் பொடிப்பொடியாக உதிர்ந்து திரும்பி வந்தன. ஈயமும் வெள்ளீயமும் கொஞ்சமே கலந்தாலும் போதும், துத்தநாகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையில் புகுந்து உள்ளுக்குள் அரிக்கும். வாங்கியவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

ஈயம் என்றதும் உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஜங்ஷன் அச்சகத்தில் அவர் ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருக்க, நாம் கீழே சிந்திய எழுத்துகளைப் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொள்வோம். இந்த டை காஸ்டிங் பிறந்ததே அந்த எழுத்துக்காகத்தான் தெரியுமா? 1849இல் ஸ்டர்ஜஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய கை மெஷின், அச்செழுத்து வார்ப்பதற்காகச் செய்தது. ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்து உருக்கி, உலோக அச்சுக்குள் அழுத்தி நிரப்புவது. ஆன்டிமனி சேர்ப்பது எழுத்து கடினமாகவும், இறுகும்போது அதிகம் சுருங்காமல் முனை கூர்மையாகவும் வரத்தான். பேத்தி இன்றைக்குச் சுருக்கத்தோடு மல்லுக்கட்டுகிறாள், தாத்தா கையில் பிடித்ததும் அதையே வென்று வந்த எழுத்து. அவர் இருந்திருந்தால் அந்த மூடியை விரலால் தடவி ரொம்ப நேரம் பார்த்திருப்பார்.

சரி, புது டைக்குப் பணம் போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு அவசரம் வேண்டாம் என்றே படுகிறது. முதலில் ஐநூறு மூடி விற்கட்டும். அதுவரை கிராவிட்டி டையில், கையால் ஊற்றி வார்க்கலாம். சுவர் நாலு, ஐந்து மில்லிமீட்டர் ஆகும், கொஞ்சம் கனக்கும், வார்ப்புக்கு நேரம் பிடிக்கும். ஆனால் உலோகம் அமைதியாக ஏறுவதால் காற்று குறைவு. டையும் எளிமையானது, படத்தை மாற்றினால் நெஞ்சு பதறாது. பிரஷர் டை என்பது ஹெச்13 எஃகில் குடைந்து, பதம் ஏற்றி, மெருகிட்டு எடுக்க வேண்டியது, லட்சங்களில் போகும். வடிவம் உறுதியாகி, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் என்று தெரிந்த பிறகு அதில் கை வைக்கட்டும். அமெரிக்காவில் 2020இலிருந்து 6,000 டன் மெஷினில் காரின் பின்பக்க அடித்தட்டையே ஒரே ஷாட்டில் வார்க்கிறார்கள். நான் கடைசியாக நின்றது 800 டன், அதற்கே தரை அதிரும். அங்கேயும் முதலில் ஆள் போட்டு யோசித்தது காற்றை எப்படி உறிஞ்சி எடுப்பது என்றுதான் இருக்கும்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. குற்றாலத்தில் சாரல் என்கிறார்கள், இங்கே மேகம் மட்டும் வந்து போகிறது. என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. வாரம் இரண்டு நாள் இங்கே ஒரு சின்னப் பட்டறைக்குப் போய் வருகிறேன். பையன்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் வென்ட் சுரண்டச் சொன்னால் மட்டும் சோம்பல்.

மருமகளை ஒரு சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடு. அம்பாசமுத்திரம் பக்கம் குத்துவிளக்கு வார்க்கிறவர்களிடம் கூட்டிப் போகிறேன். அவர்கள் களிமண் அச்சில் பித்தளை ஊற்ற ஒரு வாய், காற்று போக வேறு வாய் என்று விட்டிருப்பதைக் கண்ணால் பார்த்தால், நான் எழுதிய இத்தனை பக்கமும் அவளுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். புதுப் படத்தையும் எடுத்து வரட்டும், குமிழ் குடைந்ததை. தங்கச்சிக்கு அல்வா அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அறுத்த மூடி இரண்டும் என் மேஜை மேல் லென்ஸோடு இருக்கின்றன, அவள் வரும்வரை யாரையும் தொடவிட மாட்டேன்.

அன்புடன்,
உன் பேட்டை மச்சான்