புதுக் கண்ணாடிக்கு முன் கண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வயதைத் தாண்டினால் பவர் ஏறுவது நின்றுவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள், 24, 25 வயதிலும் ஆறு மாதத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றுகிறார்கள். கண் பரிசோதனைத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இதில் சொல்ல ஒன்று உண்டு. ‘பவர் ஏறிவிட்டது’ என்று வருகிற எல்லோருக்கும் உண்மையில் ஏறியிருப்பதில்லை.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக நீள்வது. சாதாரணக் கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மி.மீ. ஒரு மி.மீ. கூடினாலே இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ் பவர் ஏறும். ஆனால் உலர்ந்த கண்ணும் இதே மங்கலைத்தான் தரும். ஒளி முதலில் படுவது கருவிழியின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில். அது ஆங்காங்கே கிழிந்தால் எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்து கலங்கும்.

வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு பிடிக்கலாம். கண் சிமிட்டியதும் தெளிந்து, ஐந்தாறு விநாடியில் மறுபடி மங்கினால் உலர்வைச் சந்தேகியுங்கள். காலையில் பேருந்தின் பலகை தெளிவாகத் தெரிந்து, நாளெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்த பிறகு மாலையில் மங்கினால், தூரம், கிட்டம் மாற்றிப் பார்க்க உதவும் கண்ணின் உள்தசை கிட்டத்துப் பார்வையிலேயே இறுகிக் கிடக்கலாம். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாததற்குப் போடும் பவர்) ஏறிக்கொண்டே போய், இரவில் விளக்குகள் சிதறித் தெரிந்தால், அதோடு கண்ணைக் கசக்கும் பழக்கமும் இருந்தால், கருவிழி கூம்பாகிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு வாரத்தில் ஏறினால் சர்க்கரையைப் பாருங்கள்.

பரிசோதனைக்குக் காலையில் போங்கள். பழைய கண்ணாடியையும் பழைய சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’ காட்டும் எண்ணை அப்படியே கண்ணாடியாக்கக் கூடாது. இளவயதுக் கண் அந்தக் கருவிக்குள் பார்க்கும்போதே தசையை இறுக்கி மைனஸைக் கூட்டிக் காட்டிவிடும். சந்தேகம் இருந்தால் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அதன்பின் சில மணி நேரம், சில மருந்துகளில் ஒரு நாள் வரை, கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும். பைக்கில் போகாமல் துணைக்கு ஒருவரோடு போங்கள்.

‘கண்ணில் தண்ணீர் கொட்டுகிறதே, உலர்வு எப்படி?’ என்று கேட்பார்கள். எரிச்சலால் பெருகும் அந்த நீரில் எண்ணெய்ப் பசை போதாது; வழிந்துவிடும், நிற்காது. எண்ணெயைத் தருவது இமை விளிம்பிலுள்ள சுரப்பிகள். நிமிடத்துக்கு 15 முறை வரை சிமிட்டும் கண், திரையைப் பார்க்கையில் அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. அதிலும் பல சிமிட்டல்களில் இமை முழுதாய் மூடாது. எண்ணெய் வெளியேறாமல் உறைந்து அடைக்கும்.

அதற்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது, சரியாகக் கொடுத்தால். மணிக்கட்டின் உட்புறத்தில் பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி செல்சியஸ் அளவில், 10 நிமிடம் வேண்டும். நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். அங்கேதான் பலர் தோற்கிறார்கள். துணியை மீண்டும் மீண்டும் நனையுங்கள். பிறகு மேலிமையை மேலிருந்து கீழாக, கீழிமையைக் கீழிருந்து மேலாக, விளிம்பை நோக்கி மெல்ல நீவுங்கள். தினம் இருவேளை, குறைந்தது நான்கு வாரம்.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒரு நேரத்துக்கு ஒன்று போதும்; விட்டபின் ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்பொருள் (மருந்து கெடாமலிருக்கச் சேர்ப்பது) சேர்க்காததைக் கேளுங்கள். பதப்பொருளே கண்ணைப் புண்ணாக்கும். சிவப்பைப் போக்கும் சொட்டுகள் பழகிப்போனால் நிறுத்தியதும் சிவப்பு கூடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு இன்னும் மோசம்; வலியே இல்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின், அலர்ஜிக்குச் செட்ரிசின் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டும் கண்ணை உலர்த்தும்.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் இமை பாதி மூடி, ஈரம் காயும் பரப்பு குறையும். ஏசி, மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். பைக்கில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். நீல ஒளியைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ லென்ஸுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு, கம்ப்யூட்டர் பார்க்கும் அயர்ச்சி அதனால் குறைவதாகக் காணவில்லை. பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது என்பதும் வீண் நம்பிக்கை.

லேசர் சிகிச்சைக்கு அவசரப்படுபவர்கள் முதலில் உலர்வைச் சரிசெய்ய வேண்டும், பவரும் ஓராண்டாவது நிலையாக இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் உலர்வு சில மாதம் கூடும். கண்ணாடி கழன்றாலும் நீண்ட விழி நீண்டதுதான். மைனஸ் 6-க்கு மேல் இருந்தவர்கள் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்கும் நிழல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

கண்ணாடிக் கடைகளின் ‘இலவசக் கண் பரிசோதனை’ விளம்பரத்தை வெளியிடும்போது, அங்கே பார்ப்பது பவர் மட்டுமே என்று ஒரு வரி சேர்க்கத் தங்கள் நாளிதழ் முன்வருமா?

இப்படிக்கு,
கண் பரிசோதகர்கள் சிலர்,
மதுரை