அத்தை பேசுகிறார்: லா பாஸிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

இங்கே உதவியவர்களுக்கு ஸ்பானிய மொழியில் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். தமிழிலும் எழுதினால்தான் எனக்கு மனம் நிறைகிறது. இரண்டு மாதமாக விசாரித்துக்கொண்டே இருந்த ஊர் நண்பர்களுக்கும் நடந்தது தெரியட்டும்.

என் மனைவியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுபவர், பிறந்து வளர்ந்தது பொலிவியாவின் எல் ஆல்டோவில். கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர். அவர் கழுத்தில், தாடைக்குக் கீழே, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லாததால் பல வருடம் சால்வைக்குள் மறைத்தே வைத்திருந்தார். முதலில் காட்டிய இடத்தில் நெறிக்கட்டு என்று சொல்லி, ஊசி குத்திச் சதை எடுக்க நாள் குறித்தார்கள்.

அதைத் தடுத்த செவிலியர் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. கட்டி பக்கவாட்டில் மட்டும் அசைகிறது, விரலுக்கடியில் நாடி துடிக்கிறது, ஊசி பட்டால் ரத்தம் கொட்டும் என்றார். அவர் சொன்னபடியே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் போனோம். கரோட்டிட் பாடி கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது.

கரோட்டிட் பாடி என்பது கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் இருக்கும் உறுப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சைக் கூட்டச் சொல்லும். ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் மலைமேல் அதற்கு ஓய்வே கிடையாது. பெருத்துப் போகிறது, சிலருக்குக் கட்டியாகவும் ஆகிறது. பெண்களுக்குத்தான் அதிகம். ஆண்டீஸ் மலை மக்களுக்கு இந்த உறுப்பு பெரிதாக இருப்பதை 1969-ல் எழுதிவைத்தவர் பெரு நாட்டு மருத்துவர் ஹாவியர் அரியாஸ் ஸ்டெல்லா. அவருக்கும் என் வணக்கம்.

1880-ல் முதன்முதலாக இந்தக் கட்டியை அகற்ற அறுவை செய்துகொண்டவர் பிழைக்கவில்லை என்று எங்கோ படித்துவிட்டு, அத்தையின் அறுவைக்கு முந்தின இரவு நான் தூங்கவே இல்லை. அத்தையின் கட்டி தமனியைப் பாதி சுற்றியிருந்தது. டாக்டரம்மா நான்கு மணி நேரம், தமனியின் வெளியுறையை ஒட்டி, இழை இழையாகப் பிரித்தெடுத்தார். மூளைக்குப் போகும் ரத்தத்தை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. நாக்கு நரம்பையும் குரல் நரம்பையும் காப்பாற்றிக் கொடுத்தார். அந்தக் கைகளுக்கு என்ன சொல்வது!

அப்புறம் அத்தையின் சந்தைத் தோழிகள். ரத்தம் தேவைப்படலாம் என்றதும் ஆறு பேர் விடியற்காலையில் எல் ஆல்டோவிலிருந்து கேபிள் காரில் லா பாஸுக்கு இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். வியாபாரம் அன்று போயிற்று. யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்று வாரம் அத்தைக்குக் குரல் கம்மிப் போயிருந்தது, தண்ணீர் குடித்தால் புரையேறியது. தாடையைத் தாழ்த்தி விழுங்கப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த பேச்சுப் பயிற்சியாளருக்கும் நன்றி. போன சனிக்கிழமை கடையில் உட்கார்ந்து கிழங்கு விலையைக் கூவினார். தெருமுனை வரை கேட்டது. அந்தத் தோழிகளில் இரண்டு பேர் தங்கள் கழுத்தையும் காட்ட வேண்டும் என்கிறார்கள். அடுத்த வாரம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

நன்றியுடன்,
அத்தையின் மருமகன்