கணினி ஆய்வகக் கையேடு தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளின் கணினித் துறை ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் கல்லூரி மாணவர்களுக்கு மாலை வேளையில் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்பித்து வருகிறேன். கையேட்டில் அச்சாகும் நிரல், விசைப்பலகையில் தட்ட வேண்டிய எழுத்துகளாலேயே அமைய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

மாணவி ஒருவர் கொண்டுவந்த கையேட்டில் நிபந்தனை வரியொன்று ≠ குறியுடன் அச்சாகியிருந்தது. பைத்தான் கேட்பது != என்னும் இரண்டு எழுத்துகள்; அவரோ இல்லாத விசையைத் தேடிக்கொண்டிருந்தார். அதே கையேட்டின் பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரி, வேர்டு தானாக வளைத்துவிட்ட “ ” மேற்கோள் குறிகளால் ஓட மறுத்தது, அங்கே இருக்க வேண்டியது நேரான " குறி.

இவற்றைவிடத் தொல்லை தருவது அடிக்கோடு. நிரலில் வரும் வகுப்பின் (class) தொடக்கச் செயற்கூறான __init__ என்பதற்கு, பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் வேண்டும். அச்சில் அவை ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரிவதால் மாணவர் ஒன்றை மட்டும் தட்டுகிறார். பைத்தான் அதைப் பிழை என்று சொல்வதில்லை. சாதாரணச் செயற்கூறாக எடுத்துக்கொண்டு, அவ்வகுப்பின் பொருள் (object) உருவாகும்போது அதை அழைக்காமல் விட்டுவிடுகிறது. பிழை எங்கோ தலைகாட்ட, மாணவர் வேறெங்கோ தேடுகிறார்.

≤, ≠, × போன்றவை கண்ணுக்கு இனியவை, கணிதத்தில் பழகியவை என்பதை மறுக்கவில்லை. அல்கால் என்னும் பழைய நிரல்மொழியை வரையறுத்த 1960ஆம் ஆண்டின் அறிக்கையே அவற்றைக் கையாண்டது. ஆனால் மொழியை வரையறுக்கும் வடிவம், அச்சிடும் வடிவம், கருவிக்குள் செல்லும் வடிவம் என மூன்றையும் அவ்வறிக்கை தெளிவாகப் பிரித்தும் வைத்தது. நம் கையேடுகளில் அந்தப் பிரிவினைதான் இல்லை. ஜூலியா மொழி ≤ குறியை நேரடியாக ஏற்கும். பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழில் பெயரிடவும் இடம் தருகிறது என்றாலும், != போன்ற அதன் செயற்குறிகள், ஆஸ்கி (ASCII) என்னும் அடிப்படை எழுத்துக் குறியீட்டு அட்டவணையின் 128 இடங்களுக்குள்ளேயே அடங்கியவை. ஃபிரா கோட் போன்ற எழுத்துருக்கள் != என்பதைத் திரையில் ≠ போலக் காட்டும்; கோப்பில் இருப்பது இரண்டு எழுத்துகளே என்பது திரைப்பிடிப்பைப் (screenshot) பார்த்துத் தட்டும் முதலாண்டு மாணவருக்குத் தெரியாது.

ஆகவே வேர்டில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, சம அகல எழுத்துருவில் நிரலை அச்சிடுங்கள். இரட்டை அடிக்கோடு வரும் இடத்தில் ஒரு குறிப்பு சேருங்கள். அச்சகத்துக்குப் போகுமுன் கோப்பை அனுப்பினால், ஒவ்வொரு நிரலையும் அதிலிருந்தே நகலெடுத்து ஓட்டிப் பார்த்துத் திருத்தித் தரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பைத்தான் பயிற்றுநர் ஒருவர்,
கடலூர்