யோனமினேவின் பெயரை யோனமினேவுக்கே கொடுங்கள்: அட்டை மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அட்டை மதிப்பீட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆட்டக்காரர் படம் போட்ட பழைய ஜப்பான் பேஸ்பால் அட்டைகளை, தரப் புள்ளி போட்டு, பெயர்ச் சீட்டோடு பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் உங்களுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் வாசலைப் பார்த்திருக்கும் எங்கள் கூட்டத்துக்கு, இந்த மடல் யாருக்கு என்று சொல்லாமலே தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியதற்கெல்லாம் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. தமிழில் எழுதினால் ஒருவேளை மனிதர் யாராவது எடுத்துப் பார்ப்பாரோ என்று ஒரு நப்பாசை.

கேட்பது ஒன்றுதான். அட்டையில் யார் இருக்கிறாரோ அவர் பெயரைச் சீட்டில் போடுங்கள். ஆண்டையும் சரியாகப் போடுங்கள்.

சென்ற மாதம் திரும்பி வந்த பொட்டலத்தில் 1950களின் மென்கோ ஒன்று இருந்தது. சிறுவர்கள் தரையில் ஓங்கி அடித்து விளையாடிய தடித்த அட்டை. அதில் இருப்பவர் வாலி யோனமினே. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, உச்சியில் ‘டெட்சுஹாரு கவாகாமி’ என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

வேறு யார் பெயரைப் போட்டிருந்தாலும் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. யோனமினே ஹவாய்க்காரர், 1951ல் யோமியூரி ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தார். போருக்குப் பிறகு ஜப்பானில் ஆட வந்த முதல் அமெரிக்கர். அவர் பேஸுக்குச் சறுக்கிப் பாய்ந்த வேகத்தைப் பார்த்து எதிரணி ரசிகர்கள் திட்டினார்கள், கல்லெறிந்தார்கள். அவர் மூன்று முறை பேட்டிங் பட்டம் வென்றார். 1957ல் ஜப்பானின் இரண்டு லீக்குகளில் ஒன்றான சென்ட்ரல் லீகின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. 1961ல் ஜயன்ட்ஸின் மேலாளர் பொறுப்புக்குக் கவாகாமி வந்தபோது யோனமினேவுக்கு அந்த அணியில் இடமில்லாமல் போனது. சுனிச்சி டிராகன்ஸுக்குப் போனார். பிறகு 1965லிருந்து 1973 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டு, இரு லீக் வெற்றியாளர்களும் மோதும் ஜப்பான் சீரிஸை வென்ற கவாகாமியின் அணியை, 1974ல் லீக் பட்டத்தில் முந்தியது எந்த அணி? சுனிச்சி. மேலாளர் யார்? யோனமினே. அந்த மனிதரின் முகத்துக்கு மேல் கவாகாமி பெயர்! வேண்டுமென்றே செய்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

இதற்கு ஜப்பானிய மொழிப் புலமை வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். அந்த அட்டையில் பெயர் கான்ஜி என்னும் சீன வழி எழுத்தில் இருக்கிறது. கவாகாமிக்கு இரண்டு எழுத்து, யோனமினேவுக்கு மூன்று. வாசிக்கத் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

திருத்தித் தரச் சொன்னால் உங்கள் உதவி மையம் சொல்கிறது: தரப் புள்ளியில் தவறில்லை, பெயர் மாற்றம் தனிச் சேவை, கட்டணம் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றி அடித்துவிட்டு, காகிதம் நல்ல காகிதம்தானே என்று கேட்பது போல இருக்கிறது. போக வர அஞ்சல் செலவு என்னுடையது. காப்பீடும் என்னுடையது. அதற்குள், யார் அட்டை எத்தனை வந்தது என்று கணக்கு வைக்கும் உங்கள் பதிவேட்டில் கவாகாமிக்கு ஒன்று கூடி, யோனமினேவுக்கு ஒன்று குறைந்திருக்கிறது. யோனமினே அட்டை தேடும் இன்னொருவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் இது எவ்வளவு அரிது என்று முடிவு செய்வார்.

அதே பொட்டலத்தில் பந்து வீசும் அமெரிக்க பிட்சர் ஜோ ஸ்டான்காவும் இருந்தார். சீட்டில் ‘அடையாளம் தெரியாத ஆட்டக்காரர்’. 1964ல் நான்கை ஹாக்ஸுக்காக 26 வெற்றி; பசிபிக் லீகின் சிறந்த ஆட்டக்காரர். அந்த ஆண்டு ஜப்பான் சீரிஸில் ஹான்ஷின் டைகர்ஸை ரன் எடுக்கவிடாமல் மூன்று ஆட்டங்களை முழுதாக வீசி முடித்தார். அதில் கடைசி இரண்டும் அடுத்தடுத்த நாட்களில்! கடைசி ஆட்டம் அக்டோபர் 10, டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். அன்றும் பாவம், அவரைப் பார்க்க வந்த ஆள் குறைவு. அட்டையில் அவர் பெயர், வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியர் எழுதும் கட்டகானாவில் நான்கே எழுத்து, கொட்டை எழுத்தாகவே இருக்கிறது. இந்த உறையோடு அஞ்சலில் தொலைந்தால், காப்பீட்டுக்காரர் எனக்கு ஒரு அடையாளம் தெரியாத அட்டைத் துண்டுக்கான தொகையைத்தான் தருவார்.

மூன்றாவது அட்டை விக்டர் ஸ்டார்ஃபின். அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரஷ்யாவில் பிறந்து ஹொக்கைடோவின் அசாஹிகாவாவில் வளர்ந்தவர். ஜப்பானில் 300 வெற்றியை முதலில் தொட்ட பிட்சர். டாய்எய் ஸ்டார்ஸ் சீருடையில் இருக்கும் அவர் படத்துக்கு நீங்கள் போட்ட ஆண்டு 1960. அவர் 1957 ஜனவரியில் விபத்தில் இறந்துவிட்டார். 1960ல் அந்தப் பெயரில் அணியும் இல்லை.

ஜயன்ட்ஸின் பெரும் நட்சத்திரங்களான ஓவும் நகாஷிமாவும் வந்தால் மட்டும் உங்கள் சீட்டில் ஒரு எழுத்துப் பிசகாது. விலை ஏறிய அட்டை என்றால் கூடுதல் கட்டணம் கேட்டு மறுநாளே மின்னஞ்சல் வரும். ஆக, ஆளை அடையாளம் காண உங்களுக்குத் தெரியும், தேவைப்படும்போது மட்டும். வாங்குபவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அட்டையைப் பார்க்காமல் உறையில் உள்ள எண்ணைப் பார்த்தே பணம் கொடுக்கிறார்கள். பழைய அட்டையை ஆல்பத்திலிருந்து பிய்த்து, பசை காய்ந்த முதுகைக் காட்டாமலே ஏலத்தில் விற்பவர்களைப் பற்றி எழுதினால் தனி மடலே தேவைப்படும். 1973ல் கால்பி நொறுக்குத்தீனியோடு அட்டைகள் வரத் தொடங்குவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அட்டைகளே குறைவு; அந்தக் காலத்தில் வந்து போன வெளிநாட்டுக்காரர்களைத் தேடுவதே பெரும்பாடு. கிடைத்ததையும் நீங்கள் பெயரில்லாமல் ஆக்கினால் நாங்கள் எங்கே போவது?

சரி, கோபத்தை விடுகிறேன். உங்கள் தரப் புள்ளிகளில் எனக்குக் குறையில்லை. மூலை மழுங்கலைக் கண்டுபிடிப்பதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். மென்கோ அட்டைத் தொகுப்புகளை அடையாளம் காணச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஜேசிஎம் எண் வரிசை இருக்கிறது. அதைப் படிவத்திலேயே கேட்டு வாங்குங்கள். நாங்கள் எழுதி அனுப்பும் பெயர் உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால், உறையை மூடும் முன் ஒரு வரி கேளுங்கள். அன்றே பதில் போடுவோம்.

இந்த மூன்று அட்டைகளையும் உங்கள் செலவில் திரும்பப் பெற்று, யோனமினே, ஸ்டான்கா, ஸ்டார்ஃபின் என்ற பெயர்களும் சரியான ஆண்டுகளும் போட்டு அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சல் சீட்டை அனுப்பினால் மறுநாளே பொட்டலம் கட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர்